தண்ணீர் திறப்பதற்கு முன் ஒரு முடிவு: இரண்டு ஏக்கரை இயற்கைக்கு மாற்ற மூன்று வழிகள்

ஆவணி பாதி தாண்டினால் மேலூர், திருமங்கலம் பக்கத்து ஊர்களில் எல்லோருக்கும் ஒரே பேச்சுதான். வைகை அணையில் எத்தனை அடி நிற்கிறது, பெரியாற்றில் எத்தனை அடி, புரட்டாசி பிறக்கும் முன் கால்வாயில் விடுவார்களா? அந்த வாரங்களில் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் இன்னொரு கேள்வியும் சேர்ந்தே வரும்: "அண்ணே, இந்தப் போகத்தோடு உப்பை நிறுத்திவிடலாமா?" எங்கள் பக்கம் உப்பு என்றால் யூரியாவும் டி.ஏ.பி.யும். மருந்து என்றால் பூச்சிக்கொல்லி.

இந்த ஆண்டு இதைக் கேட்டவர்களில் மூன்று பேரை நினைவில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன். ஒருவர் மேலூருக்குக் கிழக்கே கண்மாய்க்குக் கீழே இரண்டு ஏக்கர் நஞ்சை வைத்திருப்பவர், பஸ் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டாமவர் வாடிப்பட்டிப் பக்கம் கிணற்றுப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் பார்க்கும் ஒரு தங்கை. அவருடைய கணவர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். மூன்றாமவர் டி. கல்லுப்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர், அவருக்குக் கால்வாயும் இல்லை, கிணறும் இல்லை. மூவரும் கேட்டது ஒரே கேள்வி. மூவருக்கும் நான் சொன்ன பதில் வேறு வேறு. அந்தப் பதில்களுக்குப் பின்னால் இருக்கும் கணக்கைத்தான் இங்கே விரித்து வைக்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

தண்ணீர். பெரியாறு - வைகைப் பாசனத்தில் பேரணை முதல் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகம். மேலூர்ப் பக்கம் 85,563 ஏக்கரும், திருமங்கலம் பிரதானக் கால்வாயில் 19,439 ஏக்கரும் ஒருபோகம். ஒருபோகத்துக்கு வழக்கமாக விடுவது 120 நாள் தண்ணீர். அதிலும் முதல் 45 நாட்கள்தான் முழுமையாக வரும், மீதி 75 நாட்கள் முறை வைத்து. நீங்கள் எந்த நெல்லை விதைத்தாலும் அதன் வயது இந்த 120 நாட்களோடு ஒத்துப்போக வேண்டும். இதைக் கணக்கில் எடுக்காமல் ரகத்தைத் தேர்ந்தெடுத்து, கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் காய்ந்த மடையைப் பார்த்து நின்றவர்களை எனக்குத் தெரியும்.

அறுத்த நாளுக்கும் பணம் வரும் நாளுக்கும் உள்ள இடைவெளி. இயற்கை வேளாண்மையைப் பற்றிப் பேசுகிறவர்கள் விளைச்சல் குறையுமா குறையாதா என்று மணிக்கணக்கில் வாதிடுவார்கள். என் அனுபவத்தில் குடும்பங்களை உடைப்பது விளைச்சல் குறைவு அல்ல, இந்த இடைவெளிதான். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரத்துக்குள் நெல்லைக் கொட்டினால் சில நாட்களில் வங்கிக் கணக்கில் பணம் ஏறிவிடும். அரிசியாக்கி வீடு வீடாக விற்றால் அதே பணம் பத்து, பன்னிரண்டு மாதங்களில் சிறுகச் சிறுக வரும். நகைக்கடன் அத்தனை மாதம் காத்திருக்குமா என்பதை ஒவ்வொரு வீடும் தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆள். களை எடுக்க, கரைசல் தயாரிக்க, காய் பறிக்க யார் இருக்கிறார்கள்? கூலி ஆளையே நம்பியிருக்கும் வீட்டுக்கும் தானே இறங்கி வேலை செய்யும் வீட்டுக்கும் கணக்கு ஒன்றாக வராது.

வாங்குபவர். பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய வாங்குபவர்கள் எத்தனை பேர்? "இயற்கை என்றால் இப்போது எல்லோரும் வாங்குகிறார்களே" என்பது பதில் ஆகாது.

பக்கத்து வயல். கண்மாய்ப் பாசனத்தில் யாரும் தனித்தீவு அல்ல. மேல்மடைக்காரர் போட்ட உப்பு உங்கள் வயல் வழியாகத்தான் இறங்கும். அவர் அடிக்கும் மருந்தின் தூறல் காற்றோடு வரும்.

மண்ணை நான் ஓர் அளவுகோலாக இங்கே வைக்கவில்லை. மண்ணுக்காகத்தான் இந்தக் கணக்கு முழுவதையும் போடுகிறோம். மூன்று வழிகளும் மண்ணுக்கு நல்லவையே, வேகம்தான் வேறு.

## வழி ஒன்று: ஒரே போகத்தில் முழு மாற்றம், பாரம்பரிய நெல்

மனம் முதலில் ஓடுவது இந்த வழிக்குத்தான். உப்பையும் மருந்தையும் அடியோடு விட்டுவிட்டு, மாப்பிள்ளைச் சம்பாவோ கருப்புக் கவுனியோ தூயமல்லியோ போடுவது.

வயதிலிருந்து தொடங்குவோம். மாப்பிள்ளைச் சம்பா ஏறக்குறைய 160 நாள் நெல். காட்டுயானம் 180 நாள். கருப்புக் கவுனி 140-லிருந்து 150 நாள். தூயமல்லியும் கிச்சிலிச் சம்பாவும் 135-லிருந்து 140 நாளுக்குள் அடங்கும். பூங்கார் 90 நாளை ஒட்டியே முடிந்துவிடும். ஒருபோகக் கால்வாயை மட்டும் நம்புகிறவருக்கு மாப்பிள்ளைச் சம்பா பொருந்தாது, எவ்வளவு ஆசைப்பட்டாலும். தூயமல்லியைப் பாருங்கள். நாற்றங்காலுக்கு 25 நாள், அறுப்புக்கு முன் காயவிட 10 நாள் கழித்தால் நடவு வயலுக்குத் தண்ணீர் வேண்டியது சுமார் 100 நாள்தான். பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் வாங்கி நாற்றங்காலை முன்கூட்டியே விட்டுவிட்டால் 120 நாளுக்குள் தாராளமாக அடங்கும். ரகத்தின் புகழைக் கேட்டு விதை வாங்குவதைவிட இந்த எளிய கழித்தல் கணக்கு முக்கியம்.

அடுத்தது சத்து. நடுத்தர வயது நெல்லுக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் தழைச்சத்து (நைட்ரஜன்) ஹெக்டேருக்கு 150 கிலோ, அதாவது ஏக்கருக்கு 60 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது ஏறக்குறைய 21 கிலோ தழைச்சத்து. மூன்று மூட்டையில் வேலை முடிகிறது, மானியத்தில் ஒரு மூட்டை 266 ரூபாய் சொச்சம். அதே 60 கிலோவைத் தொழுவுரத்தில் கொடுக்க வேண்டுமானால் ஏக்கருக்குப் பன்னிரண்டு டன் வேண்டும். இரண்டு மாடு வைத்திருக்கும் வீட்டில் அவ்வளவு சாணம் சேராது. பசுந்தாள் உரத்துக்காகவே விதைக்கும் தக்கைப்பூண்டை, நன்றாக வளர்ந்த 45-ஆம் நாள் பூவெடுக்கும்போது மடக்கி உழுதால் 25-லிருந்து 30 கிலோ வரை ஈடாகும். பாரம்பரிய ரகங்கள் 60 கிலோ கேட்பதும் இல்லை, அதிகம் கொடுத்தால் மழையில் சாய்ந்துவிடும். ஆகவே தக்கைப்பூண்டும், ஆடு மாடுகளை இரவில் வயலில் அடைக்கும் ஒரு கிடையும் போதுமானதற்கு மிக அருகில் வந்துவிடும். பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம் எல்லாம் பயிரைத் தட்டி எழுப்பும், நானும் தெளிக்கிறேன். ஆனால் 200 லிட்டர் ஜீவாமிர்தத்தில் பத்துக் கிலோ சாணம்தான் இருக்கிறது. அதை எருவுக்கு மாற்றாக நம்பி அடியுரம் போடாமல் நட்டவர்களின் வயல் மஞ்சள் பூத்து நின்றதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

இனி பணம். ஒரு ஏக்கருக்குக் கணக்கு போட்டுப் பார்ப்போம். உப்பு போட்டு 1,800 கிலோ நெல் எடுக்கிறவர், 2025-26 பருவத்துக் கொள்முதல் விலையான குவிண்டாலுக்கு 2,500 ரூபாயில் 45,000 ரூபாய் பெறுவார். முழு இயற்கையில் 1,100 கிலோ வந்தது என்று வைத்துக்கொள்வோம். அரைத்தால் நூற்றுக்கு அறுபது வீதம் 660 கிலோ அரிசி. கிலோ 80 ரூபாய்க்கு விற்றால் 52,800. நெல் அவிக்க, அரவை, சாக்கு, ஏற்றுக்கூலி, பஸ் சுமை என்று ஐயாயிரம் கழியும். உப்பும் மருந்தும் மிச்சமான பணத்தைக் களையெடுப்பு தின்றுவிடும். கடைசியில் இரண்டு வழிக்கும் கையில் நிற்கும் தொகையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் முதலாமவரின் 45,000 மாசியிலேயே வந்துவிட்டது. உங்களுடைய பணம் அடுத்த தை வரை வந்துகொண்டே இருக்கும்.

660 கிலோ அரிசி என்றால் எத்தனை வீடு? மாதம் ஐந்து கிலோ வாங்கும் வீடு ஆண்டுக்கு அறுபது கிலோ வாங்கும். ஆக, ஒரு ஏக்கருக்குப் பதினோரு வீடு. விதை தேடிப் புறப்படுவதற்கு முன் இந்தப் பதினோரு வீடுகளைத் தேடுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். கே.கே. நகரிலோ அண்ணா நகரிலோ கூடல்நகரிலோ உறவினர், உடன் வேலை பார்த்தவர், பிள்ளைகளின் பள்ளி நண்பர்களின் பெற்றோர் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பதினொன்று சேரவில்லை என்றால் ஒரு ஏக்கர் போடாதீர்கள். ஐந்து பேர்தான் என்றால் ஐம்பது சென்ட் போடுங்கள்.

மறைந்திருக்கும் செலவு ஆலையில் இருக்கிறது. பெரிய நவீன ஆலைகள் நான்கு மூட்டை நெல்லை அரைத்துத் தருவதில்லை. சிறு ஆலையில் முன்னால் அரைத்தவரின் அரிசி கொஞ்சம் கலக்கும். ஓர் ஆண்டு என் தூயமல்லியில் வேறு யாருடைய குண்டரிசியோ கலந்து வந்தது. வாங்கிய வீடுகளுக்கெல்லாம் நானே போய் விளக்கம் சொல்லிவிட்டு வந்தேன், இரண்டு வீடு அதன்பின் வாங்கவே இல்லை. அதற்கும் முந்தைய ஆண்டு நெல் முழுவதையும் ஒரே தடவையில் அரைத்து அடுக்கிவிட்டேன். வைகாசிக்குள் வண்டு பிடித்து ஆறு சிப்பம் மாட்டுக்குப் போனது. இப்போது நெல்லாகவே வைத்து, நொச்சி இலையும் வேப்பிலையும் போட்டு, மாதம் ஒருமுறை மட்டும் அரைக்கிறேன். அதற்கு எலி நுழையாத ஓர் அறை வேண்டும். அந்த அறையையும் செலவில் சேருங்கள்.

இன்னொன்று, கடன். கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனில் ஒரு பகுதி பணமாகவும் ஒரு பகுதி உரமாகவும் வரும். உப்பே போடாதவர் அந்த மூட்டைகளை என்ன செய்வது? பலர் பக்கத்து வயல்காரருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். 2023-இல் அங்கக வேளாண்மைக் கொள்கை வெளியிட்ட அரசு இந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும் என்று நான் உரக்கவே கேட்கிறேன். தொழுவுரத்துக்கும் பசுந்தாளுக்கும் அதே கடன் கிடைக்கட்டும்.

சான்றிதழைப் பற்றிக் குழப்பம் வேண்டாம். வெளிநாட்டுக்கோ பெரிய கடைகளுக்கோ போகிறவருக்குத்தான் மூன்றாம் தரப்புச் சான்று. ஓராண்டுப் பயிருக்கு விதைப்புக்கு முன் இரண்டு ஆண்டு மாற்றக்காலம் கேட்பார்கள். உள்ளூரில் விற்கிறவருக்கு, குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பார்த்து உறுதி சொல்லும் பங்கேற்பு உறுதியளிப்பு முறை போதும். ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய்க்குள் விற்று, நுகர்வோருக்கு நேரடியாகவே கொடுக்கும் சிறு விவசாயிக்கு உணவுப் பாதுகாப்பு விதி சான்றிலிருந்து விலக்கே தருகிறது, அரசு முத்திரையை மட்டும் பயன்படுத்தக் கூடாது.

## வழி இரண்டு: ரகத்தை மாற்றாமல் உப்பைப் படிப்படியாகக் குறைப்பது

கோ 51-ஓ ஆந்திரா பொன்னியோ, நீங்கள் போடுவதையே போடுங்கள். ஆனால் நடவுக்கு முன் தக்கைப்பூண்டு. யூரியாவை நாள் பார்த்துக் கொட்டாமல், இலை வண்ண அட்டையைப் பயிரின் இலையோடு ஒப்பிட்டு, வெளுத்தால் மட்டும் கொடுப்பது. கொடுக்கும்போது ஐந்து பங்கு யூரியாவுக்கு ஒரு பங்கு வேப்பம் புண்ணாக்கு கலப்பது. வரப்பில் உளுந்தும் தட்டைப்பயறும். பூச்சியைக் கண்டவுடன் கடைக்கு ஓடாமல் முதல் ஒரு மாதம் எந்த மருந்தும் அடிக்காமல் இருப்பது. இலைச்சுருட்டுப்புழு தின்ற இளம் இலைகளை நெல் தானே ஈடுகட்டிக்கொள்ளும். அவசரப்பட்டு அடித்த மருந்து சிலந்தியையும் தட்டானையும் கொன்றுவிட, பின்னால் வரும் புகையான் பூச்சிக்கு வயல் திறந்த வீடாகிவிடுகிறது.

இதில் பயமில்லை. விளைச்சல் பெரிதாகச் சரியாது, நெல் கொள்முதல் நிலையத்துக்கே போகும், பணம் மாசியிலேயே வரும். கடனில் இருக்கும் வீட்டுக்கும், குத்தகை நிலத்தில் உழைக்கிறவருக்கும் நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். அடுத்த ஆண்டு நிலம் கையில் இருக்குமா என்றே தெரியாத குத்தகைக்காரரிடம் போய் "மண்ணை வளப்படுத்துங்கள், மூன்றாம் ஆண்டு பலன் வரும்" என்று சொல்வது நியாயம் ஆகாது.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? முதலாவது, விலையில். பாதி இயற்கைக்கு ஒரு ரூபாய்கூட யாரும் கூடுதலாகத் தருவதில்லை. கொள்முதல் நிலையத்துத் தராசுக்கு உங்கள் நெல்லும் பக்கத்து நெல்லும் ஒன்றே. உங்களுக்கு மிச்சமாவது இடுபொருள் செலவு மட்டும்தான். இரண்டாவது, கடையில். உரக்கடையில் கடன் வைத்து வாங்குகிறவருக்குப் பாதி மூட்டை வாங்கும் சுதந்திரம் கிடையாது. என்ன பூச்சிக்கு என்ன மருந்து என்று முடிவு செய்வதும் அங்கே கடைக்காரர்தான். முதலில் அந்தக் கடனைத் தீர்ப்பதுதான் இந்த வழியின் முதல் படி, தக்கைப்பூண்டு விதை அதற்குப் பிறகு. மூன்றாவது, நின்றுவிடுவது. மூன்று மூட்டையை இரண்டாக்கியவர் ஐந்தாண்டு கழித்தும் இரண்டிலேயே இருப்பார். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, ஒரு மூட்டை குறைந்ததும் மண்ணுக்கு லாபம்தான். ஆனால் முழு மாற்றம் வேண்டும் என்று கிளம்புகிறவர், எந்தப் போகத்தில் எவ்வளவு குறைப்பது என்று முதல் நாளே எழுதி வைக்காவிட்டால் இந்த வழி அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்காது.

தக்கைப்பூண்டுக்கும் தண்ணீர் வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. ஒருபோகக்காரர்கள் ஆடியில் பெய்யும் மழையில் விதைத்தால்தான் தண்ணீர் திறக்கும்போது மடக்கி உழ முடியும். கால்வாய் வந்த பிறகு விதைத்தால் 120-இல் 45 நாள் பசுந்தாளுக்கே போய்விடும்.

## வழி மூன்று: நெல்லைச் சுருக்கி, காய்கறியும் பயறும்

இது கிணறு உள்ளவர்களுக்கு. ஐம்பது சென்டில் வீட்டுக்கு நெல், மீதியில் கத்தரி, வெண்டை, கீரை, அவரை, ஓரத்தில் முருங்கையும் அகத்தியும். விற்பனைக்கு உழவர் சந்தை.

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறந்ததே மதுரை அண்ணா நகரில்தான், 1999 நவம்பர் 14-ஆம் தேதி. கால் நூற்றாண்டு தாண்டியும் அது உயிரோடு இருப்பதில் எனக்கு உண்மையிலேயே பெருமை உண்டு. விவசாயி அடையாள அட்டை இருந்தால் கடைக்கு வாடகை இல்லை, கமிஷன் இல்லை. மொத்த விலையைவிடக் கூடுதலாகவும் வெளிக்கடை விலையைவிடக் குறைவாகவும் அன்றன்று விலை எழுதிப் போடுவார்கள். மாட்டுத்தாவணி மண்டியில் கமிஷனும் ஏற்றுகூலி இறக்குகூலியும் போகக் கைக்கு வருவதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் அன்றைக்கே தெரியும். கையில் நாள்தோறும் காசு புழங்குவதால், முதல் வழியின் பெரிய நோயான காத்திருப்பு இதில் இல்லை.

ஆனால் உழவர் சந்தை இயற்கைக் காய்க்குத் தனி விலை தராது. கத்தரிக்காய் என்றால் ஒரே பலகையில் ஒரே விலை. உங்கள் காயின் மதிப்பைத் தெரிந்து திரும்பி வரும் வாடிக்கையாளர்தான் உங்கள் லாபம். அவர் உருவாக ஆறு மாதமாவது ஒரே இடத்தில், ஒரே முகம் உட்கார வேண்டும். மண்டியின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது: நூறு கிலோ தக்காளி ஒரே நாளில் பழுத்துவிட்டால் மண்டிதான் வாங்கிக்கொள்ளும், உழவர் சந்தையில் பத்து மணிக்குமேல் அது மிஞ்சிப்போகும்.

ஆள் கணக்கு இங்கேதான் கடுமை. காய்கறிக்கு விடுமுறை கிடையாது. வெண்டைக்காயை இரண்டு, மூன்று நாள் பறிக்காமல் விட்டால் முற்றிவிடும். அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து பறித்து, கட்டி, முதல் பஸ்ஸில் ஏற்றும் வேலை பெரும்பாலான வீடுகளில் பெண்கள் தலையில் விழுகிறது. வீட்டில் கூடிப் பேசாமல் ஆண் ஒருவர் இந்த முடிவை எடுக்கக் கூடாது. வாடிப்பட்டித் தங்கையிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "வாரத்தில் எத்தனை நாள் உங்களால் போக முடியும்?" என்பதுதான். இரண்டு நாள் என்றார். இரண்டு நாளுக்கு ஏற்ற பயிர் கீரையும் வெண்டையும் அல்ல. முருங்கை, சேனை, வாழை, அவரை என்று காத்திருக்கத் தெரிந்தவற்றைப் போடச் சொன்னேன்.

கண்மாய்க்குக் கீழே நடுவயலில் நிலம் வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கம் திரும்பும் முன் ஒருமுறை ஐப்பசியில் தங்கள் வரப்பில் நடந்து பாருங்கள். சுற்றிலும் நெல்லுக்குத் தண்ணீர் கட்டியிருக்கும்போது கசிவு உங்கள் பாத்திக்குள் வந்து கத்தரி வேரை அழுகவைக்கும். அந்த நிலத்தில் மழைக்காலத்துக்கு நெல்தான். அறுப்புக்குப் பின் மாசியில் ஈரம் காயும் முன் உளுந்தோ பாசிப்பயறோ தூவினால் அது மண்ணுக்கும் வரும்படி, வீட்டுக்கும் வரும்படி.

மயிலையும் சொல்ல வேண்டும். அழகர்மலைப் பக்கமும் கல்லுப்பட்டிப் பக்கமும் மயில் கூட்டம் தக்காளியைக் கொத்துகிறது, முளைத்த பயறைக் கிள்ளுகிறது. தேசியப் பறவை, சட்டப்படி தொட முடியாது, தொடவும் கூடாது. வலையும் காவலும் ஆளும் செலவுதான்.

கரிசல்காட்டு அண்ணனுக்கு இந்த மூன்றில் எதுவும் அப்படியே பொருந்தாது. அவருக்கு முடிவு ஏறக்குறைய எடுக்கப்பட்டே இருக்கிறது. கோவில்பட்டி மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த கோ. நம்மாழ்வார், மானாவாரி நிலத்துக்கு விலை கொடுத்து வாங்கும் உரம் கட்டுபடியாகாது என்று கண்டுதான் 1969-இல் அந்த வேலையை விட்டு வெளியே வந்தார். மழை பொய்த்தால் போட்ட உப்பும் போச்சு. அங்கே குதிரைவாலியும் சோளமும் ஊடே துவரையும்தான் தாங்கும். ஒத்தக்கடை வேளாண் கல்லூரியிலிருந்து வந்த மதுரை 1 குதிரைவாலி நூறு நாளுக்குள் கைக்கு வரும். சிக்கல் உமி நீக்குவதில். தானியமாக விற்றால் வியாபாரி சொல்வதே விலை, அரிசியாக்கினால் விலை இரட்டிப்புக்கு மேல் போகும். அந்த இயந்திரத்தைத் தனி ஒருவர் வாங்குவது கட்டாது. விவசாயிகள் பலர் சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஏதாவது அதை வைத்திருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அதில் பங்கு சேருங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | முழு மாற்றம், பாரம்பரிய நெல் | படிப்படியாகக் குறைப்பது | காய்கறி, பயறு |
|---|---|---|---|
| தண்ணீர் | நடவு வயலுக்குத் தண்ணீர் வேண்டிய நாட்கள் 120-க்குள் அடங்க வேண்டும் | இப்போது பாய்வதே போதும், பசுந்தாளுக்கு ஆடி மழை | கிணறு கட்டாயம் |
| பணம் வரும் வேகம் | பத்து, பன்னிரண்டு மாதம் | அறுத்த சில நாட்களில் | நாள்தோறும், சிறுதொகை |
| ஆள் | களையெடுப்புக்கு அதிகம் | இப்போதுள்ள அளவு | தினமும் |
| வாங்குபவர் | ஏக்கருக்குப் பதினோரு வீடு | கொள்முதல் நிலையம் | உழவர் சந்தை, மிச்சம் மண்டி |
| பக்கத்து வயல் | மேல்மடை உப்பும் மருந்துத் தூறலும் | பெரிய பாதிப்பு இல்லை | மழைக்காலக் கசிவு |
| ஒளிந்திருக்கும் செலவு | அரவை, சேமிப்பு, உரமாக வரும் கடன் | கூடுதல் விலை இல்லை, பாதியில் நின்றுபோகும் | விடியற்கால உழைப்பு, மயில் |

## யாருக்கு எது

ஓய்வூதியம் வருகிற வீட்டுக்கு, அல்லது ஒருவர் சம்பளத்துக்குப் போகிற வீட்டுக்கு முதல் வழி. காத்திருக்கும் பலம் அவர்களுக்குத்தான் இருக்கிறது. மேலூர் நடத்துநர் அண்ணனை நான் தூயமல்லி பக்கம்தான் தள்ளிவிட்டேன், ஆனால் இரண்டு ஏக்கரிலும் அல்ல. அவர் எழுதிய தாளில் ஏழு வீடு இருந்தது. அறுபத்தைந்து சென்டில் தூயமல்லி, மீதியில் வழக்கமான நெல் இரண்டாம் வழியில். மேல்மடையை ஒட்டிய வயல் வேண்டாம், அண்டை வயல் உப்பு வந்து இறங்காத ஓரத்து வயலாகப் பாருங்கள் என்றேன். தன் பழைய டிப்போ நண்பர்களிடமே இன்னும் நான்கு வீடு கிடைக்கும் என்றார். கிடைத்தால் அடுத்த ஆண்டு ஒரு ஏக்கர்.

கடனும் குத்தகையும் உள்ளவர்களுக்கு இரண்டாம் வழி. "நீங்கள்கூட உப்பு போடச் சொல்கிறீர்களே" என்று இயற்கை விவசாய நண்பர்கள் சிலர் என்மேல் வருத்தப்படுகிறார்கள். மதுரையைச் சுற்றியுள்ள ஒன்றரை லட்சம் ஏக்கர் கால்வாய்ப் பாசனத்தில் ஒவ்வொருவரும் ஏக்கருக்கு ஒரு மூட்டை குறைத்தால் கண்மாய்களுக்குள் வடியும் உப்பு எவ்வளவு குறையும் என்று அவர்களும் ஒரு கணக்கு போட வேண்டும். பத்துப் பேர் முழுமையாக மாறுவதும் பத்தாயிரம் பேர் பாதி மாறுவதும் ஒன்றுக்கொன்று பகை இல்லை.

கிணறும், வீட்டில் இரண்டு பேருக்காவது மனமும் இருந்தால் மூன்றாவது. நகரத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் இருந்தால் இன்னும் நல்லது. அதைத் தாண்டினால் பயணமே ஓர் ஆளின் அரைநாளைத் தின்றுவிடும்.

நகரத்தில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கும் இதில் ஒரு வேலை உண்டு. பதினோரு வீடுகளில் ஒன்றாக இருங்கள். மாதம் ஐந்து கிலோ வாங்குவதாகச் சொன்னால் பன்னிரண்டு மாதமும் வாங்குங்கள். முடிந்தால் ஆறு மாதப் பணத்தை அறுவடை நாளிலேயே கொடுத்துவிடுங்கள். அந்த 2,400 ரூபாய்தான் விவசாயியின் நகையை மீட்கும். அரிசியில் வண்டு கண்டால் திட்டாதீர்கள், வெயிலில் போட்டுப் புடைத்துவிட்டு, அவருக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இந்த ஆண்டு எந்த முடிவுக்கும் வர முடியவில்லை என்றால், வழக்கமான நெல்லையே நட்டுவிடுங்கள். ஆனால் கிடைக்காரரிடம் மட்டும் இப்போதே சொல்லி வையுங்கள். தை அறுப்பு முடிந்த வயலில் நாலைந்து இரவு ஆட்டுக்கிடையோ புலிக்குளம் மாட்டுக்கிடையோ அமர்ந்துவிட்டுப் போனால், அடுத்த போகத்தில் எந்த வழியில் போனாலும் அது உதவும். மாசியில் போய்க் கேட்டால் அவர்கள் வேறு ஊர் வயலுக்கு வாக்குக் கொடுத்திருப்பார்கள்.